தோல் சட்டை போட்ட கம்பம்

நடுவிரலை மடக்கி, விரல் முட்டியால் இரண்டு தட்டு. மூன்றாவது கிடையாது. தலையைச் சாய்த்து, வார்ப்பிரும்புக்குள் அந்தச் சத்தம் மேலேறிப் போய் அடங்குகிற வரைக்கும் நிற்பார். பிறகு "ஒண்ணு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தோல் கம்பெனியைப் பார்த்து நடையைக் கட்டுவார். மணி ஏழே முக்கால் என்று அர்த்தம். எதிரே டீக்கடை போட்டிருக்கும் கோவிந்தசாமி இந்தச் சத்தத்தை வைத்துத்தான் அடுத்த பாலை அடுப்பில் ஏற்றுகிறார்.

தட்டு வாங்குவது தெருமுனையில் நிற்கும் பழைய விளக்குக் கம்பம். தட்டுகிறவர் சமீருல்லா, வயது அறுபத்தொன்று, தொழில் அசார்ட்டர். பதனிட்டு வந்த தோலை மேசைமேல் விரித்து, வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்து, உள்ளங்கையால் தடவித் தரம் பிரிப்பது அவர் வேலை. ஒன்று முதல் ஆறு வரை எண். அதற்கும் கீழே என்றால் 'ஆர்', அதாவது ரிஜக்ட். தரத்தைத் தோலின் பின்பக்கம் மஞ்சள் சாக்பீஸால் எழுதுவார். முப்பத்தெட்டு வருடமாக எழுதி எழுதி, கண்ணில் படுவதற்கெல்லாம் எண் போடாமல் இப்போது அவரால் இருக்க முடிவதில்லை. கோவிந்தசாமியின் டீ நாலு. வேலூர் போகிற புது பஸ் மூணு. பேர்ணாம்பட்டு சம்பந்தி வீட்டு விருந்துக்கு ரெண்டு போட்டார். போட்டதை வாய் திறந்து சொல்லியும் தொலைத்தார், அந்த வீட்டோடு ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. நகராட்சிக்கு மட்டும் யோசிக்காமல் ஆர்.

ஆர் போடுவதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பக்கத்தில் கெடுத்தவன் பெயர் இருந்தாக வேண்டும். கத்தி கிழித்திருந்தால் உரித்தவர், சுருக்கம் விழுந்திருந்தால் டிரம் ஓட்டியவர், அளவுக்கு மேல் சீவியிருந்தால் ஷேவிங் மிஷின்காரர். விசாரித்து, கண்டுபிடித்து, பெயரை எழுதிய பிறகுதான் அந்தத் தோல் மேசையை விட்டு இறங்கும். "பேர் இல்லாத ரிஜக்ட்டு அனாதைப் பொணம் மாதிரிப்பா. எவனும் எடுத்துக்க மாட்டான்" என்பார். இதனால் கம்பெனியில் அவருக்கு தோஸ்த் என்று சொல்லிக்கொள்ள ஆள் கம்மி. ஷேவிங் மிஷின் ஓட்டும் அன்பரசன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "உங்க பேரு என்னிக்கு பாய் வரும்?" என்று கேட்டே விட்டார்.

சமீருல்லாவுக்குச் சுருக்கென்றது. "நான் இன்னா மிஷினா ஓட்றேன்? பாக்குறவன். பாக்குறவன் எப்பிடிப்பா கெடுப்பான்?"

ரயில்வே கேட்டிலிருந்து தோல் மண்டி வரைக்கும் ஒரு காலத்தில் இப்படிப் பதினோரு கம்பங்கள் இருந்தன. உடம்பு முழுக்க வரி வரியாகப் பள்ளம் ஓடிய வார்ப்பிரும்பு. மேலே ஒரு வளையம். உச்சியில் தூக்கிய தும்பிக்கை போல வளைந்த கை. அதன் நுனியில், வெளியே பச்சையும் உள்ளே வெள்ளையுமாக எனாமல் தட்டு. சாலையை அகலப்படுத்தியபோது சில போயின, லாரி இடித்துச் சில. மிச்சம் மூன்று. அந்த மூன்றில் இரண்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி சமீருல்லாவிடம் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

ஒன்று பூங்காவில் இருக்கிறது. தங்கக் கலர் பெயின்ட் அடித்து, எனாமல் தட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பிளாஸ்டிக் உருண்டை மாட்டி, செல்ஃபி எடுக்கும் இடம் என்று பலகையும் வைத்துவிட்டார்கள். இன்னொன்று ஒரு ஷூ கம்பெனியின் வரவேற்பறையில், சரக்கு வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களின் பார்வைக்கு. அதற்குப் பிளாஸ்டிக் கொடி சுற்றி, நிமிடத்துக்கொரு நிறம் மாறும் பல்பு போட்டிருக்கிறார்கள். வேலையாக அங்கே போன சமீருல்லா, செக்யூரிட்டி ஓடி வருவதற்குள் இரண்டு தட்டு தட்டிவிட்டார். சத்தமே இல்லை. ஆடாமல் நிற்கவேண்டும் என்று உள்ளே சிமென்ட் ஊற்றி அடைத்திருந்தார்கள். வெளியே வந்து சாலையில் நின்று கத்தினார்: "இடிச்சிட்டுப் போறவன் கூட தேவலப்பா. காப்பாத்துறேன்னு ஒருத்தன் வர்றான் பாரு, அவன்தான் டேஞ்சர்!"

ஆக, நட்ட இடத்திலேயே நின்று, அந்தி சாய்ந்தால் தெருவுக்கு வெளிச்சம் போடுகிற கம்பம் ஊரிலேயே இது ஒன்றுதான். ஷேர் ஆட்டோக்காரர்கள் இந்த முனைக்கே 'பழைய லைட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லி இறங்குகிறவர்களில் ஒருத்தராவது நிமிர்ந்து பார்க்க வேண்டுமே! பார்க்காவிட்டால் போகட்டும், சும்மாவாவது இருக்கிறார்களா? கட்சிக்கொடி கட்டுவார்கள். கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டுவார்கள். டியூஷன் நோட்டீஸ் ஒட்டுவார்கள். கோவிந்தசாமி தன் கடைத் தார்ப்பாயின் கயிற்றை இதில்தான் கட்டுவார். காலையில் சமீருல்லா முடிச்சை அவிழ்த்து, "இது இன்னா உங்க வூட்டுத் துணி காயப்போடுற கம்பமா?" என்று ஒரு சத்தம் போடுவார். "இல்ல பாய், வெயில் ஜாஸ்தியா கீது" என்பார் கோவிந்தசாமி. சாயங்காலம் கயிறு அதே இடத்தில் இருக்கும்.

வீட்டில் அஜீஸுன்னிசாவின் எரிச்சல் வேறு. மனிதர் ஞாயிற்றுக்கிழமை காலை கந்தல் துணியும் வாளியுமாகக் கிளம்பிக் கம்பத்தைத் துடைத்துவிட்டு வருகிறார். "என் பாத்ரூம்ல பல்பு போயி மூணு மாசமாச்சு. சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. நானும் போயி அந்தக் கம்பத்தடியிலயே நின்னுக்கறேன், அப்பவாச்சும் என் மூஞ்சி தெரியுதா பாப்போம்" என்று தெருவில் போகிற பெண்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். பல்பு இன்னும் மாறவில்லை.

அந்தக் கம்பத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார் சமீருல்லா. நகராட்சியில் கேட்டால், பழம்பொருள். டீக்கடையில் கேட்டால், இந்த மாதிரி வார்ப்பு இனிமேல் வராது. உண்மைக் காரணத்தை மனைவியிடம் மட்டும் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். முப்பத்தெட்டு வருடத்தில் அவர் ஒன்று போட்ட தோல் ஏறக்குறைய அத்தனையும் கப்பலேறிப் போய்விட்டது. யாரோ ஒரு இத்தாலிக்காரர் காலில் கிடக்கிறது, யாரோ ஒரு ஜெர்மன் பெண் தோளில் தொங்குகிறது. ஊரில் தங்கியதெல்லாம் நாலும் ஐந்தும்தான். முதல் தரத்துச் சரக்கு ஒன்றே ஒன்றாவது இந்த ஊரில் நிற்கட்டும் என்று அவருக்கு ஒரு வீம்பு. அது போய்விட்டால் தன் கண்ணுக்கு இங்கே மரியாதையே இல்லாமல் போய்விடும் என்று ஒரு பயம். இதெல்லாம் நியாயமா என்று அவரே தன்னைக் கேட்டுப் பார்த்திருக்கிறார். இல்லை என்றுதான் பதில் வந்தது; வீம்பு மட்டும் போகவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் எல்.இ.டி. விளக்கோடு புதுக் கம்பங்கள் நடுவதற்குப் பட்டியல் போட்டார்கள். அகற்ற வேண்டியவற்றில் முதல் வரியே இதுதான். அகற்றக்கூடாது என்று மனு கொடுத்தார். 'தாங்கள் தெரிவித்த தெருவிளக்கு சரிசெய்யப்பட்டு, புகார் முடித்துவைக்கப்பட்டது' என்று பதில் வந்தது. போனிலேயே புகார் செய்யலாம் என்றார்கள். அதில் தேர்ந்தெடுக்க மூன்றே வரி: விளக்கு எரியவில்லை; விட்டுவிட்டு எரிகிறது; பகலிலும் எரிகிறது. விளக்கு நன்றாக இருக்கிறது, தயவுசெய்து தொடாதீர்கள் என்று ஒரு வரி இல்லை. வேறு வழியில்லாமல் முதல் வரியை அமுக்கினார். மற்ற தெருக்களில் மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காத லைன்மேன், மறுநாள் காலையே ஏணியும் புது விளக்குமாக வந்து இறங்கிவிட்டார். அவரைத் திருப்பி அனுப்புவதற்குள் சமீருல்லாவுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று.

ஒருவழியாக இந்த வருடம் மேகலா என்று ஒரு உதவிப் பொறியாளர் மாற்றலாகி வந்தார். மனுவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த முதல் ஆள். "நேர்லயே வந்து பாக்குறேன் பாய். கம்பம் ஸ்ட்ராங்கா இருந்தா லிஸ்ட்லேர்ந்து எடுத்துர்றேன், இருக்கற இடத்துலயே இருக்கட்டும். வீக்கா இருந்துச்சுன்னா மட்டும் மழைக்கு முன்னாடி இறக்கியே ஆவணும். ஸ்கூல் பசங்க போற வழி" என்றார்.

சமீருல்லாவுக்குச் சிரிப்பு வந்தது. வீக்கா? தினம் தவறாமல் தட்டிப் பார்க்கிறாரே. போதாததற்குத் தோல் சட்டை வேறு போட்டிருக்கிறதே.

அந்தச் சட்டைக்கு ஆறு வயது. மண்டிக்கு உப்புத்தோல், அதாவது உப்பு போட்ட பச்சைத்தோல், ஏற்றி வந்த டெம்போ ஒன்று, பின்பக்கமாக வந்து கம்பத்தில் இடித்தது. கம்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சமீருல்லாவுக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி, முதல் தரத்து எருமைத்தோல் ஒன்றைத் தனக்கென்று வாங்கினார். அவர் ஒன்று போட்டு, கப்பல் ஏறாமல் ஊரில் தங்கிய ஒரே தோல் அது. தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை, டெம்போ இடிக்கிற மட்டத்துக்கு, கம்பத்துக்கு ஒரு சட்டை. தைத்தவர் பக்கத்துச் சந்தில் வீட்டிலேயே ஷூவுக்குக் கைத்தையல் போடும் பிரிசில்லா. இரும்பு பட்டால் தோலில் கறுப்புக் கறை விழும். இந்த வட்டாரத்தில் தொட்டில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அதனால் தோலில் இரும்பு படாமலிருக்க, உள்ளே கனமான ஸ்பாஞ்சும் அதற்குமேல் ஒரு பிளாஸ்டிக் தாளும் சுற்றச் சொன்னார் சமீருல்லா. அதன்மேல் சட்டையை இறுக்கி இழுத்து, நின்ற இடத்திலேயே தைத்து மூடும்போது பிரிசில்லா கேட்டார்: "அடியில ரெண்டு ஓட்டை வுடட்டா பாய்? மழைத்தண்ணி எறங்கிப் போவும்."

"ஒண்ணாம் நம்பர் தோல்ல ஓட்டையா? இன்னாம்மா பேசுற நீ? ஓட்டை வுழுந்தா அது நாலுக்குப் போயிடும்!"

பிரிசில்லா ஓட்டை விடாமலே தைத்து முடித்தார். அன்றிலிருந்து வருடா வருடம் ரம்ஜானுக்கு முன்னால் சட்டைக்கு கிரீம் தடவி மினுமினுப்பாக்குவது சமீருல்லாவின் வழக்கம். தினசரி தட்டுவது சட்டைக்கு மேலே, நெஞ்சு உயரத்தில்.

மேகலா வந்தது ஒரு புதன்கிழமை காலை, பத்தரை மணிக்கு, லைன்மேனோடு. சமீருல்லா அரை நாள் லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒன்பதிலிருந்தே கம்பத்துக்குக் காவல் நின்றார். நோட்டீஸ்களைச் சுரண்டியாயிற்று. கோவிந்தசாமியின் கயிறு அவிழ்ந்தாயிற்று. தார்ப்பாய் அவர் தலையிலேயே விழுந்து கிடந்தது. பொறியாளர் கையில் ஒரு சின்னச் சுத்தி. நெஞ்சு உயரத்தில் தட்டினார். கணீரென்று கேட்டது. இன்னும் கொஞ்சம் மேலே தட்டினார். அதுவும் கணீர்.

"சூப்பரா இருக்கு பாய்" என்றார். சமீருல்லா கோவிந்தசாமியைத் திரும்பிப் பார்த்த பார்வையில் இத்தனை வருடத்துக் கயிற்றுக்கும் பதில் இருந்தது.

"இந்தத் தோலைக் கொஞ்சம் கழட்டுங்க. அடியையும் பாத்துட்டா ரிப்போர்ட் எழுதிருவேன்."

"அத்த இன்னாத்துக்கு மேடம்? உள்ள புதுசு மாதிரி கீது. ஆறு வருசமா ஒரு காத்துகூட படல."

"அதான் பாய் பாக்கணும்."

பிரிசில்லாவைக் கூட்டி வரவேண்டியதாயிற்று. தான் போட்ட தையலைத் தானே பிரிப்பேன் என்றார். பிளேடை மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டே வந்தார். முக்கால்வாசி வந்ததும், நாலு நாளாகச் சொட்டு மழையில்லாத ஊரில், சட்டைக்குள்ளிருந்து கறுப்புத் தண்ணீர் அவர் கைமேல் வழிந்தது. பிளாஸ்டிக்கை விலக்கி ஸ்பாஞ்சை இழுத்தார். அதோடு சேர்ந்து இரும்பு அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து விழுந்தது. மேகலா சுத்தியால் மெதுவாகத்தான் தட்டினார். தொப்பென்று ஒரு சத்தம். இரண்டாம் தட்டுக்குக் கம்பத்தின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொத்தல்.

எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"உப்புத்தோல் லாரிதான் காரணம். தெனம் தண்ணி ஒழுக ஒழுக இங்கதான் நிக்குறான்" என்றார் கோவிந்தசாமி. "தெரு நாய்ங்க வேற" என்று யாரோ சொன்னார்கள். "பழசு மேடம். அதோட ஆயுசு அவ்ளோதான்" என்றார் லைன்மேன். ஆளுக்கொரு குற்றவாளியைக் கொண்டுவந்து சமீருல்லாவிடம் கொடுத்தார்கள். எந்த நாளும் அவர் கத்தலுக்குக் காதைப் பொத்திக்கொள்கிற தெரு, அன்றைக்கு அவர் கத்தினால் தேவலை என்று நின்றது. அவர் கத்தவில்லை.

தான் அன்றைக்குக் கேட்ட ஓட்டையைப் பற்றி பிரிசில்லா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சமீருல்லா பதிலுக்கு ஏதாவது கத்தித் தப்பித்திருப்பார். பிரிசில்லா தோல் சட்டையை உதறி, உள்பக்கம் வெளியே தெரியும்படி மடித்து, சமீருல்லாவின் கையில் கொடுத்தார். சமீருல்லா பழக்கதோஷத்தில் அதை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார், உள்ளங்கையால் தடவினார். ஒரு கறை இல்லை. ஒரு புள்ளி இல்லை. அவர் எண் போட்ட அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. இரும்பு பட்டுத் தோல் கெட்டுவிடக்கூடாது என்று ஆறு வருடம் காவல் காத்திருக்கிறார். இரும்பைப் பற்றி ஒருநாள்கூட யோசிக்கவில்லை.

"இப்பிடியே வுட முடியாது பாய்" என்றார் மேகலா, குரலைத் தணித்து. "ஆனா மேல நல்லா இருக்கு. கெட்டுப்போனத வெட்டி எடுத்துட்டு, இதே இடத்துல பீடம் கட்டி நிறுத்திறலாம். நான் எழுதுறேன். கொஞ்சம் குள்ளமாயிடும், அவ்ளோதான்."

"மூணடி வெட்டிரலாம் மேடம், சேஃப்டி" என்றார் லைன்மேன்.

"மூணடியா?" சமீருல்லாவுக்குக் குரல் திரும்பி வந்தது. "இன்னா, வாழமரம் வெட்டுறியா நீ?"

தோலை பிரிசில்லாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, இஸ்திரிச் சட்டையோடு அந்தக் கறுப்புத் தண்ணீர்ச் சகதியில் முட்டி போட்டு உட்கார்ந்தார். நடுவிரலை மடக்கினார். அடியிலிருந்து ஆரம்பித்து, விரல் விரலாக மேலே ஏறிக்கொண்டே தட்டினார். தொப். தொப். ஒவ்வொரு தட்டுக்கும் துரு அவர் கைமேலும் தாடிமேலும் கொட்டியது. தொப். டொக். காதைக் கம்பத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டார். தெருவில் ஹாரன் அடித்த ஆட்டோவைக் கோவிந்தசாமி ஓடிப்போய் நிறுத்தினார். டொக். டொக். முழங்கால் உயரத்தில், ஓரிடத்தில் சத்தம் கிளம்பி உள்ளே மேலேறிப் போயிற்று. அங்கே திரும்ப ஒருமுறை தட்டினார். பையிலிருந்து மஞ்சள் சாக்பீஸை எடுத்து, கம்பத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டார். ஒன்றரை அடிதான் வந்தது.

மேகலா ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாய். உப்புத் தண்ணின்னு எழுதிக்கறேன். யாருக்கும் பேஜார் இல்ல."

சமீருல்லா திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டுக்குக் கீழே பெரிதாக ஆர் போட்டார். சாக்பீஸின் நுனியைத் தரையில் ஒருமுறை உரசிக் கூராக்கினார். அந்த ஆருக்குப் பக்கத்தில், கம்பெனியில் மற்றவர்கள் பெயரை எழுதுகிற அதே சின்ன எழுத்தில், சமீருல்லா என்று எழுதினார்.